சுருட்டுக்காரர் மடிக்கு ஒரு மடக்குக் கத்தி

கத்தி செய்யக் கற்றுக்கொண்டவனுக்கு வரும் முதல் கஷ்டம், செய்ததை யார் தலையில் கட்டுவது என்பதுதான். மனைவியிடம் ஏற்கெனவே நாலு கத்தி இருக்கும், நாலும் மழுங்கல், ஆனாலும் நாம் செய்ததைத் தொடமாட்டார். நண்பனுக்குக் கொடுத்தால், "ஏன்டா, நமக்குள்ள ஏதாச்சும் பிரச்சனையா?" என்று கேட்பான். பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது. கடைசியில் மிச்சமிருப்பவர் ஒருவர்தான். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து சுருட்டு பிடித்துக்கொண்டிருக்கும் தாத்தா. அவரால் ஓடவும் முடியாது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுத் தாத்தா குனோங் ராபாட்டில் இருக்கிறார். ஈப்போவின் தெற்கே சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டி வளர்ந்த ஊர். ஹியோங் பியா பிஸ்கட் வாங்க வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்துவார்கள். குகைக்குள் இருக்கும் சாம் போ தோங் கோயிலைப் பார்க்க வருவார்கள். கத்தி வாங்க இதுவரை யாரும் வந்ததில்லை. இனிமேலும் வரமாட்டார்கள் என்பதற்கு இந்தக் கட்டுரையே சாட்சி.

கீழே சொன்னபடி பிசகாமல் செய்தால், கடையில் 80 வெள்ளிக்குக் கிடைக்கும் கத்தியை ஐந்தே வாரத்தில் 600 வெள்ளி செலவில் நீங்களே செய்துவிடலாம்.

படி 1: ஆளைக் கவனியுங்கள்

எந்தப் பொருளைச் செய்வதற்கு முன்னாலும், அதைப் பயன்படுத்தப் போகிறவரை முதலில் கவனிக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நான் புத்தகத்தைக் கவனித்தேன்.

புத்தகம் சொன்னது இது. சீமைச் சுருட்டின் வாய்ப்பக்கம் மூடியிருக்கும். கடைசியில் சின்னதாக ஒரு துண்டுப் புகையிலையை ஒட்டித் தொப்பி மாட்டியிருப்பார்கள். அந்தத் தொப்பியைச் சுமார் 2 மில்லிமீட்டர் சீவி எடுத்தால்தான் புகை வரும். கொஞ்சம் அதிகமாக வெட்டினால் மேல் இலை அவிழ்ந்து, சுருட்டு தலைவிரி கோலமாகிவிடும். நேராக வெட்டலாம், ஆப்பு போலக் கீறலாம், துளையும் போடலாம். சுருட்டின் பருமனை அங்குலத்தில் 64-ல் ஒரு பங்காகக் கணக்குப் பண்ணுவார்கள். 50 என்று போட்டிருந்தால் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் தடிமன். மழுங்கிய கத்தியோ தடித்த கத்தியோ பட்டால் சுருட்டு நசுங்கும். ஆகவே அலகு மெலிசாக, நேராக, சவரக்கத்திக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருக்க வேண்டும்.

இதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, படம் வரைந்து, வண்ணமும் தீட்டினேன். அலகு 70 மில்லிமீட்டர். முதுகில் 2 மில்லிமீட்டர் கனம். பிடியின் அடியில் சுருட்டில் துளை போட 8 மில்லிமீட்டர் குழாய் ஒன்று. அந்த நேரம் முழுக்கத் தாத்தா எனக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தார். சாம்பலைத் தட்ட அவர் பக்கத்தில் ஒரு மங்கு இருக்கும். பால்மரத்தில் கட்டுகிற பழைய மங்குதான். தோட்டத்தை விட்டு வந்தபோது அவர் கொண்டுவந்த சொத்து மொத்தமும் ஒரு பெட்டிக்குள் அடங்கியது. அதில் இந்த மங்கும் ஒன்று. நான் அதைப் பார்த்தேன், புகையைப் பார்த்தேன், தாத்தாவையும் பார்த்தேன். சுருட்டைப் பார்க்கவில்லை. இது ஏன் முக்கியம் என்பது படி 8-ல் வரும்.

படி 2: பாக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள்

பாக்கெட்டில் வைக்கிற கத்திக்குப் பாக்கெட் வேண்டும். தாத்தா கட்டுவது கைலி. அவருடைய பணப்பை, அலமாரி, ஆவணக் காப்பகம் எல்லாம் இடுப்பு மடிதான். அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்கள்: சுருட்டு இரண்டு, தீப்பெட்டி ஒன்று, பிளாஸ்டிக் உறைக்குள் அடையாள அட்டை, எட்டாக மடித்த பத்து வெள்ளி.

என் முதல் மாதிரிக் கத்தி 190 கிராம். தாத்தா அதை மடியில் செருகிக்கொண்டு எழுந்து நின்றார். கத்தி நிற்கவில்லை. கைலியும் நிற்கவில்லை. எதிர்வீட்டு அம்மா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

ஆகவே எடை 60 கிராமைத் தாண்டக் கூடாது. மடித்தால் நீளம் 95 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். மூலைகள் எல்லாம் உருண்டையாக இருக்கட்டும். மடி என்பது தோல் பை அல்ல, அதற்கு அடுத்தது வயிறு.

எஃகைத் தொடுமுன் அட்டையில் வெட்டிப் பாருங்கள். அலகு ஒரு அட்டை, பிடி ஒரு அட்டை, நடுவில் ஒரு குண்டூசி. மடக்கினால் முனை முழுதும் பிடிக்குள் மறைகிறதா, திறந்தால் முதுகு நேராக நிற்கிறதா என்று பார்க்கலாம். இந்தக் கட்டுரையில் சந்தேகமே இல்லாமல் பின்பற்றக்கூடிய ஒரே யோசனை இதுதான். அட்டைக் கத்திக்கு 30 சென் செலவானது. இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

படி 3: எஃகு தேடுங்கள்

காசுள்ளவர்கள் வெளிநாட்டிலிருந்து எஃகுத் தகடு வரவழைப்பார்கள். மற்றவர்களுக்கு லோரி இருக்கிறது. லோரியின் அடியில் அடுக்கடுக்காகக் கிடக்கும் ஸ்பிரிங் பட்டையை உலகத்தில் பாதிக் கொல்லர்கள் கத்தியாக்கியிருக்கிறார்கள். அதில் கரி சுமார் 0.6 சதவீதம், காய்ச்சி முக்கினால் நன்றாக இறுகும். சிம்பாங் பூலாய் கல்லுடைப்புகளிலிருந்து கல் ஏற்றி வரும் லோரிகளுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. பட்டை உடையாத நாளுமில்லை. நான் போன பட்டறையில் ஃபோர்மேன் ஒரு துண்டைச் சும்மாவே கொடுத்தார். "எதுக்கு?" என்றார். சொன்னேன். "சுருட்டு வெட்டவா?" என்று கேட்டுவிட்டுத் தன் உதவியாளைக் கூப்பிட்டு என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

வீட்டிலேயே நல்ல எஃகு இருக்கிறதே என்று சிலருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. தாத்தாவின் பால்வெட்டுக் கத்தி அடுக்களை மேல்தட்டில் எண்ணெய்த் துணி சுற்றிக் கிடக்கிறது. ஜெபோங் கத்தி. முனையில் மடிந்து நிற்கும் சின்ன வாய், பார்வைக்குக் கத்தி போலவே இருக்காது. அதை உருக்கி அலகு செய்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

"அதத் தொட்டுப் பாரு. அடுத்த சுருட்ட உன் தலையிலதான் பத்த வைப்பேன்" என்றார்.

நியாயம்தான். அந்தக் கத்தியோடு அவர் முப்பது வருஷம் மரம் வெட்டினார். விடியுமுன் பேரட்டு, பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைவது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஒரு நாளைக்குச் சுமார் 500 மரம். ஒவ்வொரு மரத்திலும் பட்டையில் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு சீவல், அதற்கு மேல் இல்லை. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, சுமார் 30 பாகைச் சரிவில் கோடு போக வேண்டும். பால் நரம்புகள் மரத்துக்குள் வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், அப்படி வெட்டினால்தான் அதிக நரம்பு அறுபடும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கூடிப் போய்க் கத்தி கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், தண்டல் வந்து நிற்பார். பேராவில் ரப்பர் கன்று முதலில் ஊன்றியது 1877-ல், கோலா கங்சாரில். அன்றுமுதல் இந்த மாநிலம் சம்பாதித்த ரப்பர்ப் பணமெல்லாம் அந்த ஒன்றரை மில்லிமீட்டரில் வந்ததுதான்.

இதை அவர் சொல்லக் கேட்டு, "ஆமாம் தாத்தா" என்று தலையாட்டிவிட்டு, லோரிப் பட்டையை அறுக்கப் போனேன்.

படி 4: பதம் போடுங்கள்

அலகை அறுத்து, ராவி, துளை போட்ட பிறகு எஃகைச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். எவ்வளவு சூடு என்று பார்க்கக் கருவி வாங்காதீர்கள். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து வாருங்கள். சுமார் 770 பாகை செல்சியசில் இரும்புக்குக் காந்தம் ஒட்டாது. அந்த நிலையைத் தாண்டி இன்னும் ஒரு சுற்றுச் சிவந்ததும், வெதுவெதுப்பான எண்ணெயில் ஒரே முக்கு. நம் நாட்டில் எந்த எண்ணெய் என்று கேட்கவே வேண்டாம், செம்பனை எண்ணெய்தான். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டங்களுக்கு இதைவிட நல்ல நினைவாஞ்சலி கிடையாது.

முக்கி எடுத்த எஃகு கண்ணாடி மாதிரி இருக்கும். கடினம் உண்டு, பொறுமை கிடையாது. அதனால் மறுபடி 200 பாகையில் ஒரு மணி நேரம், இரண்டு தடவை வாட்ட வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் ஏறினால் பதம் சரி. இதற்கு வீட்டு ஓவன் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் கல்யாணம் ஆகாதவர்கள்.

என் முதல் அலகு எண்ணெயிலிருந்து வெளியே வந்தபோது பீசாங் மாஸ் வாழைப்பழம் போல் வளைந்திருந்தது. இரண்டாவது நேராக வந்தது. வாட்டுமுன் கை தவறிச் சிமெந்துத் தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது. மூன்றாவதை வாட்டினேன். நிறம் சரியாக வந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஓவனில் வந்த கேக், லோரி பிரேக் பிடித்த வாசனையோடு வந்தது. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு துண்டு வெட்டி என் முன்னால் வைத்தார். மழுங்கிய கத்தியால்.

படி 5: பிடியில் ஊரைக் காட்டுங்கள்

கைவினைக் கத்தி என்றால் பிடியில் ஒரு கதை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் கத்தியாகிவிடும். நான் ரப்பர் மரத்தைத் தேர்ந்தெடுத்தேன். பால் ஓய்ந்த மரத்தை இருபத்தைந்து முப்பது வருஷத்தில் வெட்டி நாற்காலி மேசை செய்கிறார்கள். வெளிர் நிறம், கடைசலுக்கு இணக்கம். ஒரு குறை: மாவுச்சத்து அதிகம், மருந்து ஏற்றாத கட்டையில் பூஞ்சணமும் வண்டும் உடனே குடித்தனம் வந்துவிடும். பழைய சாப்பாட்டு மேசைக் கால் ஒன்றை அறுத்துக்கொண்டேன். மேசைக்கு இப்போது மூன்று கால். நாலாவதாகத் தொலைபேசிப் புத்தகங்கள் நிற்கின்றன.

பிடியின் தலையில் உலோகப் பூண் வேண்டும். கிந்தாப் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு பித்தளைக்கு அலைவதா? இந்த மண்ணையே ஈய லம்பக்காரர்கள் தோண்டித் துளாவினார்கள். தஞ்சோங் துவாலாங்கில் 1938-ல் கட்டிய ஈயக் கப்பல் இன்னும் காட்சிக்கு நிற்கிறது. வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகும். அடுப்பங்கரையில் உருக்கி, அட்டை அச்சுக் கட்டி, பிடியின் தலையில் நேரடியாக வார்த்துவிடலாம். அழகாக வந்தது. கனமும் வந்தது. 60 கிராம் திட்டம் 85 ஆனது. (அடுப்பங்கரையில் உருக்கலாம் என்று சொன்னதை மனைவியிடம் சொல்ல வேண்டாம்.)

இத்தனை பொருத்தத்தையும் தாத்தாவிடம் விளக்கினேன். ரப்பர், ஈயம், செம்பனை எண்ணெய், சுண்ணாம்புக் கல் லோரி: பேரா மாநிலம் முழுதும் ஒரு கத்திக்குள். தாத்தா கையில் வாங்கி எடை பார்த்தார்.

"முப்பது வருசம் அந்த மரத்தப் பிடிச்சேன். இப்ப அதுவே வந்து என்னயப் பிடிச்சிக்கிச்சா?" என்றார்.

படி 6: மூட்டு ராபாட்டாக இருக்கட்டும்

மலாயில் ராபாட் என்றால் நெருக்கம், இடைவெளி இல்லாமை. மடக்குக் கத்தி செய்கிறவன் இந்த ஊரில் குடியிருப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? அலகும் பிடியும் சேருமிடத்தில் வெளிச்சம் தெரியக் கூடாது. ஆனால் அலகு உரசவும் கூடாது. நடுவில் மெலிசான பித்தளை வில்லை ஒன்று இருபுறமும். ஆணி 3 மில்லிமீட்டர். சுத்தியலால் தட்டித் தட்டி விரிக்க வேண்டும். ஒரு தட்டு குறைந்தால் அலகு ஆடும், ஒரு தட்டு கூடினால் அசையாது. எந்தத் தட்டு அது என்பது தட்டிய பிறகுதான் தெரியும்.

திறந்த அலகு தானாக மடங்காமல் இருக்க வழி பல. முதுகில் வில் வைக்கலாம். பிரான்சு நாட்டு ஒபினெல் கத்திக்கு 1955-லிருந்து கழுத்தில் ஒரு வளையம், திருப்பினால் பூட்டிக்கொள்ளும். ஜப்பானியர்களின் ஹிகோனோகாமியில் பூட்டே கிடையாது; அலகின் வாலைக் கட்டைவிரல் அமுக்கிப் பிடிக்கும். வயதானவர் கைக்கு இதுதான் சுலபம் என்று அதையே வைத்தேன்.

பொத்தானை அமுக்கினால் பாய்ந்து திறக்கும் கத்தியை மட்டும் நினைக்காதீர்கள். ஆபத்தான ஆயுதத்தைத் தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கக் கூடாது என்று 1958-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. ரோட்டில் போலீஸ்காரர் நிறுத்தி, "பாக்சிக், இது எதற்கு?" என்று கேட்டால், "சுருட்டு வெட்ட" என்ற பதிலைத் தாத்தா நம்பும்படி சொல்ல வேண்டும். அந்தப் பதிலை அவரே நம்ப வேண்டும். அங்கேதான் சிக்கல்.

படி 7: தீட்டுங்கள், ஆனால் மலையில் அல்ல

குனோங் ராபாட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்தான். ஆனால் கத்தி தீட்ட ஒரு கல்லும் உதவாது. சுண்ணாம்புக்கல்லின் கடினம் மோஸ் அளவில் 3. பதம் போட்ட எஃகு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். மலையில் வைத்துத் தேய்த்தால் மலைதான் தீட்டப்படும். நான் கால் மணி நேரம் தேய்த்துப் பார்த்த பிறகே இதைப் படித்தேன். அந்தப் பாறையில் ஒரு பள்ளம் இருக்கிறது. பிற்காலத்தில் ஆதிமனிதன் வேலை என்று யாராவது எழுதினால் நான் பொறுப்பல்ல.

கடையில் சாணைக்கல் வாங்குங்கள். 400, பிறகு 1000, பிறகு 3000. இருபுறமும் ஒரே சாய்வு, சுமார் 15 பாகை. பத்திரிகைத் தாளைத் தொங்கவிட்டு அறுத்தால் சத்தமில்லாமல் அறுக்க வேண்டும். இன்னொரு சோதனை, முன்கை முடியைச் சிரைத்துப் பார்ப்பது. நான் ஒரு வாரம் இடைவிடாமல் சோதித்தேன். இடது கை பளிங்கு மாதிரி ஆனது.

"அதுக்குச் சலூன் இருக்கே" என்றார் தாத்தா, புகைக்கு நடுவிலிருந்து.

படி 8: ஒப்படைப்பு விழா

கத்தியை வெறுங்கையோடு கொடுப்பது அழகல்ல. ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குப் போய், பூசைச் சாமான் கடையில் ஒரு கட்டுச் சுருட்டு கேட்டேன்.

"சாமிக்கா, ஆளுக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஆளுக்கு."

"எல்லாம் ஒண்ணுதான். சாமிக்குன்னா கற்பூரமும் வாங்குவாங்க, அதான் கேட்டேன்."

வீட்டுக்கு வந்து தாத்தா முன்னால் துணி விரித்தேன். கத்தியை வைத்தேன். சுருட்டை வைத்தேன். மனைவி, பிள்ளைகள், சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டு அம்மா எல்லோரும் நின்றார்கள். "வெட்டுங்க தாத்தா."

அவர் சுருட்டை எடுத்தார். இந்த முனையைப் பார்த்தார். திருப்பி அந்த முனையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எத வெட்டணும்?"

அப்போதுதான் நான் முதல்முறையாகச் சுருட்டைப் பார்த்தேன். இரண்டு முனையும் திறந்து கிடந்தது. தொப்பியும் இல்லை, மூடியும் இல்லை. சுருட்டும்போதே இரண்டு பக்கமும் நறுக்கித்தான் கட்டுக் கட்டுகிறார்கள். காலங்காலமாக அப்படித்தான். ஆங்கிலக்காரன் செரூட் என்று சொல்வது நம்முடைய சுருட்டைத்தான். சொல்லையும் நம்மிடமிருந்தே எடுத்துப் போனான். மூடிய முனையுள்ளது சிகார், இரு முனையும் நறுக்கியது செரூட் என்று அவனுடைய அகராதியிலேயே வேறுபடுத்தி வைத்திருக்கிறான். 1887-ல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடித்துவிடுகிறார் துப்பறிவாளர். அவர் வெறும் சாம்பலைப் பார்த்துக் கண்டதை, நான் பிறந்ததிலிருந்து முழுச் சுருட்டைப் பார்த்தும் காணவில்லை.

தாத்தா தீப்பெட்டியை உரசிப் பற்றவைத்தார். புகை தாராளமாக வந்தது. "கத்தி நல்லா இருக்கு" என்றார். என்னை இவ்வளவு நாகரிகமாக யாரும் திட்டியதில்லை.

படி 9: செய்த கத்திக்கு வேலை தேடுங்கள்

மனம் தளராதீர்கள். கெட்டிக்கார வடிவமைப்பாளர் பொருளுக்குத் தேவையைத் தேடுவதில்லை. பொருளைச் செய்துவிட்டுத் தேவையை உண்டாக்குவார்.

முதல் முயற்சி, சுருட்டைப் பாதியாக வெட்டுவது. டாக்டர் சுருட்டை விடச் சொல்லியிருந்தார். விட முடியாவிட்டால் பாதியாகக் குறைக்கவாவது சொன்னார். கத்தியால் சுருட்டைச் சரிபாதி வெட்டினேன். சத்தமில்லாமல் வெட்டியது, 15 பாகை என்றால் சும்மாவா? தாத்தா காலையில் ஒரு பாதி, பிறகு இன்னொரு பாதி, மத்தியானம் வேறொரு பாதி என்று பிடித்தார். "எல்லாம் பாதிதான் டாக்டர்" என்று அடுத்த தடவை போனபோது பெருமையோடு சொன்னார்.

இரண்டாவது, தூரம் அளப்பது. 2019 ஜனவரி 1 முதல் சாப்பாட்டுக் கடையில் புகைபிடிக்கக் கூடாது. கடையிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். திறந்த கத்தி 165 மில்லிமீட்டர். பதினெட்டுக் கத்தி தூரம் போனால் சுமார் மூன்று மீட்டர். ஒட்டுக்கடை வாசலில் தாத்தா குனிந்து கத்தி கத்தியாக அளந்துகொண்டு போவதை மனக்கண்ணில் பார்த்தேன். படி 6-ல் சொன்ன போலீஸ்காரரும் அந்தக் காட்சியில் இருந்தார். விட்டுவிட்டேன்.

மூன்றாவதாக முனியாண்டியிடம் போனேன். தோட்டம் விற்றுப் போய் வீடமைப்பு வந்தபோது எங்களோடு இடம் பெயர்ந்தவர் அவர். இப்போது ஒரு மரத்தடியில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறார். சுருட்டு அவருக்கும் பிடிக்கும். படையலில் வைப்பதை வெட்டிக் கொடுக்கலாமே என்று கத்தியை எடுத்தேன். பூசாரி என் கையைப் பார்த்தார், பிறகு சாமியின் கையைப் பார்த்தார். அங்கே மூன்றடி அரிவாள் நின்றது. ஒரு கையில் அரிவாள், வாய்க்குச் சுருட்டு, பின்னால் பல தலைமுறை அனுபவம். இத்தனை காலத்தில் ஒன்றை வைத்து இன்னொன்றை அவர் வெட்டியதே இல்லை. நான் கத்தியை மடக்கிக்கொண்டேன்.

படி 10: கத்தியை விட்டுவிடுங்கள்

இதற்குப் பிறகு நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. கத்தியைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

இரண்டு வாரம் அது மடியில் கிடந்தது. மூன்றாவது வாரம் என் 1000 சாணைக்கல் ஈரமாகக் கிடந்ததைப் பார்த்தேன். விசாரிக்கவில்லை. மறுநாள் ஐந்தரை மணிக்குக் கொல்லைப்பக்கம் வெளிச்சம் ஆடியது. எழுந்து போனேன்.

தாத்தா நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு பலா மரத்தடியில் நின்றார். நான் செய்த கத்தி கையில் இருந்தது. ஒரு பக்கச் சாய்வை மொத்தமாகத் தேய்த்து எடுத்திருந்தார். அலகு இப்போது ஒருபுறம் மட்டும் கூர். இடப்பக்கம் உயர்த்தி வைத்து இழுத்தார். பட்டை சுருளாக, தாள் மாதிரி, ஒரே சீவலில் வந்து என் செருப்பின் மேல் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே கனம். டார்ச்சைக் கிட்டத்தில் பிடித்து மரத்தையும் பார்த்தேன். கட்டை எங்கேயும் தெரியவில்லை. கோட்டின் வழியெல்லாம் வெள்ளையாகப் பால் முத்து முத்தாக நின்றது.

"பிடி கொஞ்சம் கனம்" என்றார். "வாய் நல்ல எஃகு."

கோட்டின் வலது முனைக்குக் கீழே கம்பி கட்டியிருந்தது. அதில் அவருடைய மங்கு, சாம்பலெல்லாம் கழுவி, சுத்தமாக உட்கார்ந்திருந்தது. பலாப்பால் பிசின், பாதி வழியிலேயே நின்றுவிடும். மங்குக்கு ஒரு சொட்டும் வந்து சேராது. இது அவருக்குத் தெரியாதா? கத்தியை மடக்கி மடியில் செருகினார். முழுச் சுருட்டு ஒன்றை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டு அடுத்த மரம் எங்கே என்பதுபோல் வேலிப் பக்கம் பார்த்தார். அங்கே எதிர்வீட்டு அம்மாவின் ரம்புத்தான் இருக்கிறது.

ஆகவே செலவுக் கணக்கில் கடைசியாக இரண்டு வெள்ளியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாம்பல் தட்ட வேறு கிண்ணம் வாங்க வேண்டும். பழைய மங்கு வேலைக்குத் திரும்பிவிட்டது.